பரட்டை அண்ணனும் எங்கள் வீட்டுப் பறையும்

(பத்தாம் வகுப்பு மாணவி, பெரும்பாறை)

முன்னுரை



“இசையால் சமுதாயத்தை மாற்ற முடியுமா?” என்று எங்கள் தமிழாசிரியை ஒருநாள் வகுப்பில் கேட்டார். “முடியும்” என்றனர் சிலர். “இசை மனத்துக்கு இதம் தரும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது” என்றனர் சிலர். நான் மட்டும் வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். விடை தெரியாததால் அன்று. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல நேருமோ என்ற அச்சத்தால்தான்.

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடிய ஒருவரைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதுமாறு ஆசிரியை பணித்தார். அவரே மக்களால் அன்போடு ‘பரட்டை அண்ணன்’ என்று அழைக்கப்பட்ட அருள்திரு. ஜேம்ஸ் தியாபிலஸ் அப்பாவு அவர்கள். அவரைப் படிக்கத் தொடங்கிய நான், என் தாத்தாவையும் சேர்த்தே படிக்க நேர்ந்தது. அதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

பரட்டை அண்ணன் யார்?

1940-ஆம் ஆண்டில் பிறந்து 2005-ஆம் ஆண்டில் மறைந்த அப்பாவு அவர்கள், தென்னிந்தியத் திருச்சபையின் போதகர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றியவர். தலித் சமுதாயத்தில் பிறந்தவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர். போதகருக்குரிய பட்டங்களும் பேராசிரியருக்குரிய பெருமைகளும் அவருக்கு இருந்தன. ஆயினும் ‘பரட்டை’ என்ற பெயரையே அவர் விரும்பி ஏற்றார். எண்ணெய் காணாத, சீப்புப் படாத தலையைத்தானே நாம் பரட்டைத் தலை என்கிறோம்? வயலிலும் தெருவிலும் உழைப்பவர்களின் தலை அது. அவர்களுள் ஒருவனாகவே தம்மை எண்ண வேண்டும் என்பது அப்பெயரின் பொருள்.

அவர் இசை அறியாதவர் அல்லர். மேனாட்டு இசையையும் கர்நாடக இசையையும் பயின்றவர். ஆனால் அவ்விரண்டையும் நன்கு கற்ற பின்னர், கிராமத்து மக்களின் நாட்டுப்புற இசையின் பக்கம் திரும்பினார். நாட்டார் வழக்காறு சமுதாய மாற்றத்துக்கு எவ்வாறு பயன்படும் என்பதைப் பற்றி 1986-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1994-ஆம் ஆண்டில் ‘கிராமிய இசை வழிபாடு’ என்ற வழிபாட்டு முறையையே நாட்டுப்புற மெட்டுகளில், பேச்சுத் தமிழில் அமைத்தார். அவருடைய இசைப்பணியை ஆராய்ந்து அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் எழுதிய நூல் 2014-இல் வெளிவந்தது. நம் மதுரையில் பிறந்த பாடல்கள் கடல் கடந்து ஆராயப்படுகின்றன என்பது நமக்குப் பெருமையன்றோ!

நாட்டுப்புற இசையைத் தேர்ந்தது ஏன்?

இக்கேள்விக்கு அவர் கண்ட விடைகள் மிக எளியவை, ஆனால் ஆழமானவை.

முதலாவது, நாட்டுப் பாடலுக்குச் செலவில்லை. வீணை வாங்கப் பணம் வேண்டும். பியானோ வாங்க அதைவிடப் பணம் வேண்டும். பல ஆண்டுகள் ஆசிரியரிடம் பயிலவும் பணம் வேண்டும். தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் வாய் ஒன்றே போதும். என் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. காப்பிப் பழம் பறிக்கும்போது மணிக்கணக்கில் பாடுவார்.

இரண்டாவது, அது எழுத்தறியாதவர் நாவிலும் நிலைக்கும். ஒருவர் பாட மற்றவர் திருப்பிப் பாட, ஊர்விட்டு ஊர் தானே நடந்து செல்லும்.

மூன்றாவது, பாடுகிறவர் அதை மாற்றிக் கொள்ளலாம். இதுவே அப்பாவு அவர்கள் மிக முக்கியமாகக் கருதியது. பிறர் எழுதிய கீர்த்தனையில் ஒரு சொல்லை மாற்றினால் பிழை என்பார்கள். நாட்டுப் பாட்டில் மாற்றினால் அதுவே வளர்ச்சி. தம் பாடலைக் கிராமத்துப் பெண்கள் தங்கள் துன்பத்துக்கு ஏற்ப மாற்றிப் பாடினால் அவர் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர் பாடத் தொடங்குகிறார். பாடத் தொடங்கியவர் தாமே ஆக்கத் தொடங்குகிறார். ‘எனக்கும் சொல்ல ஒன்று உண்டு’ என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அடக்கப்பட்ட மனிதருக்கு அந்த எண்ணத்தைவிடப் பெரிய விடுதலை எது?

நான்காவது, தாழ்ந்தது என ஒதுக்கப்பட்ட பேச்சும் மெட்டும் இறைவனின் திருமுன் ஏறும்போது, அதைப் பேசும் மக்களின் தலையும் நிமிர்கிறது. ஆண்டவர் கற்பித்த செபத்தை அவர் நாட்டுப் பாடலாக்கியபோது, இறைவனைத் தந்தை என்று மட்டும் சொல்லாமல், நம்மைப் பெற்றவராகவே, தாயும் தந்தையுமாகவே அழைத்தார். களை எடுக்கும் ஒரு தாய்க்கு அந்தச் சொல் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்!

நம் கத்தோலிக்கத் திருச்சபையும் இவ்வழியை அறியாததன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய மதிப்பளிக்கக் கூறியது. நாள்தோறும் மாலைச் செபத்தில் நாம் நினைக்கும் அன்னை மரியாளின் பாடலிலும், வலியவர் இறக்கப்படுவதும் எளியவர் உயர்த்தப்படுவதும் பசித்தவர் நிறைவு பெறுவதும் அன்றோ பாடப்படுகின்றன? ஓர் ஏழைக் கிராமத்துப் பெண் பாடிய பாட்டு அது.

பாட்டு நாட்டையும் அசைத்தது

இசை மக்களைத் திரட்டியதற்குச் சான்றுகள் பல. விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக நடிகர் விசுவநாத தாஸ் புராண நாடகங்களின் நடுவே தேசபக்திப் பாடல்களைப் பாடினார். மருத்துவர் சமுதாயத்தில் பிறந்த அவர் சாதி இழிவையும் சகித்தார். பலமுறை சிறையும் சென்றார். 1940-ஆம் ஆண்டின் இறுதி நாளில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் பாடி வந்த ஒரு பாடலை, 1945-இல் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளப் பெண்கள் தங்கள் போராட்டப் பாடலாக்கினர். ‘நான்’ என்றிருந்த இடம் ‘நாங்கள்’ என்று மாறியது. அப்பாடலே 1960-களில் குடியுரிமைப் போராட்டம் முழுவதிலும் ஒலித்த ‘வீ ஷல் ஓவர்கம்’ என்பதாகும். ஒரே ஒரு சொல்லின் மாற்றம் ஒரு கூட்டத்தை இயக்கமாக்கியது. பரட்டை அண்ணன் சொன்ன மூன்றாவது காரணம் இங்கே கண்கூடாக விளங்குகிறது.

பறை பேசும் கதை

இனி, எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருளுக்கு வருகிறேன். அது ஒரு பறை.

எங்கள் ஊர் பழனி மலைத் தொடரின் கீழ்மலைப் பகுதியில், சித்தையன்கோட்டையிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் வழியில் உள்ளது. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியவை விளையும் குளிர்ந்த ஊர். ‘பெரும்பாறை’ என்ற பெயரில் உள்ள துணைக்காலை எடுத்துவிட்டால் ‘பெரும்பறை’ ஆகிவிடும் என்று சிறுவயதில் நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

‘பறைதல்’ என்றால் பேசுதல், சொல்லுதல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் அச்சொல் வழங்குகிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தார். குறிஞ்சி நிலத்துக்குரியது தொண்டகப்பறை என்பர். எங்கள் மலை குறிஞ்சி நிலமே அல்லவா? அவ்வாறாயின் பறை எங்களுக்கு மிகப் பழைய உறவு.

பறையின் வட்டச் சட்டம் பெரும்பாலும் வேப்ப மரத்தால் ஆனது. மூன்று துண்டுகளாகச் செய்து இரும்புப் பட்டைகளால் இணைப்பர். அதன்மேல் பதப்படுத்திய மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். ஒரு கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சி. மறு கையில் குட்டையான அடிக்குச்சி. அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை இறுக்க வேண்டும். மலைப் பனியில் தோல் தளர்ந்துவிடுமாதலால் எங்கள் ஊரில் அடிக்கடி தீ மூட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவு பெருமை வாய்ந்த கருவி எப்படி இழிவுக்கு உள்ளாயிற்று? கருவியால் வந்த இழிவன்று அது. சாவு வீட்டில் அடித்தே தீர வேண்டும், அடித்துவிட்டு எட்டியே நிற்க வேண்டும் என்று ஒரு சாதியார்மேல் சுமத்தப்பட்ட கட்டாயத்தால் வந்த இழிவு. இந்திய அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950 முதல் தீண்டாமையைச் சட்டப்படி ஒழித்தது. ஆனால் மனங்களில் அது எளிதில் ஒழியவில்லை. திருச்சபையினுள்ளும் அக்கொடுமை நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டு கண்டித்தது.

என் தாத்தாவின் மௌனம்

என் தாத்தா இளமையில் பறை அடித்தவர். நள்ளிரவிலும் மழையிலும் மலைப் பாதையில் நடந்து சென்று இழவுச் செய்தி சொன்னவர். கூலியாகக் கிடைத்தது கொஞ்சம் அரிசியும் சில்லறையும். ஒருநாள் வீடு திரும்பியவர், “இனிமே கூப்பிட்டா போக மாட்டேன்” என்று சொல்லிப் பறையை ஆணியில் மாட்டிவிட்டார். அதன்பிறகு காப்பித் தோட்டத்து வேலை மட்டுமே.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பெற்றோர் பார்வை நாளன்று தாத்தா ஒரு சீப்பு மலைவாழையுடன் விடுதிக்கு வந்தார். “உன் தாத்தா என்ன வேலை பார்த்தார்?” என்று ஒரு தோழி கேட்டாள். “காப்பித் தோட்டத்து வேலை” என்று வேகமாகச் சொன்னேன். அது பொய்யன்று. ஆனால் பாதி உண்மை. தாத்தா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. “நல்லாப் படி தாயி” என்று தலையைத் தடவிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார். அந்தப் பாதி உண்மை இரண்டு ஆண்டுகள் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

விடுவதா? எடுப்பதா?

பரட்டை அண்ணனைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு குழப்பம் ஏற்பட்டது. பறையைக் கீழே போடுவதே தன்மானம் என்று கருதிய தலித் மக்கள் பலர். என் தாத்தாவும் அவ்வாறே செய்தார். அப்பாவு அவர்களோ நாட்டுப்புற மெட்டையும் பறையொலியையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். இவர்களுள் யார் சரி?

எங்கள் திண்டுக்கல்லிலேயே இதற்கு விடை கிடைத்தது. அருட்சகோதரி சந்திரா அவர்கள் 1990-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லில் ‘சக்தி’ என்ற நாட்டுப்புறக் கலை மையத்தைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய ஏழைத் தலித் பெண் பிள்ளைகளுக்கு அங்கே கல்வியும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு பறையும் கற்பிக்கப்பட்டது. ஆண்கள் மட்டுமே அடித்து வந்த பறையைப் பெண்கள் தோளில் மாட்டி, சலங்கை கட்டி ஆடினர். சாவு வீட்டு வாசலில் நின்ற பறை, மேடைகளில் பெண்ணுரிமையையும் சமத்துவத்தையும் முழங்கியது. 2025-ஆம் ஆண்டில் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதையும் நாம் அறிவோம்.

கடந்த விடுமுறையில் இவற்றையெல்லாம் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பொம்பளைப் பிள்ளைகளா அடிக்கிறார்கள் என்று இருமுறை கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “நான் வெறுத்தது கொட்டை இல்ல தாயி. அடிக்கச் சொல்லி அதட்டினதைத்தான்.”

என் குழப்பம் அந்த ஒரு சொல்லால் தீர்ந்தது. கட்டாயத்துக்கு அடித்ததை விட்டவரும் தன்மானத்துக்காகவே விட்டார். விரும்பி எடுத்து அடிப்பவரும் தன்மானத்துக்காகவே எடுக்கிறார். தோல் ஒன்றே, குச்சியும் ஒன்றே. எப்போது அடிப்பது, எதைச் சொல்ல அடிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதில்தான் அடிமைத்தனமும் விடுதலையும் வேறுபடுகின்றன. பரட்டை அண்ணன் தம் பாடல்களை மக்கள் தாங்களே மாற்றிப் பாட விட்டதன் காரணமும் இதுவே எனக் கருதுகிறேன்.

அன்று மாலை தாத்தா பறையை ஆணியிலிருந்து இறக்கினார். தூசி தட்டினார். விறகு மூட்டிச் சூடு காட்டினார். முதலில் தாமே சிறிது நேரம் அடித்தார். பிறகு குச்சிகளை என்னிடம் நீட்டினார். எனக்கு ஓசையே எழவில்லை. மறுநாள் விரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். ஆனால் பாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

ஒரே உலை

பாடினால் மட்டும் போதுமா? போதாது என்பதையும் பரட்டை அண்ணன் அறிந்திருந்தார். ‘ஒரே உலை’ என்பது அவர் வலியுறுத்திய கருத்து. எல்லாரும் அரிசி கொண்டுவந்து, ஒரே உலையில் பொங்கி, ஒன்றாக உண்ண வேண்டும். யார் யாரோடு உண்ணலாம் என்று வரையறுப்பதில்தான் சாதி தன் வேரை ஊன்றியிருக்கிறது. ஆகவே பாட்டால் ஒன்றுபட்டவர்கள் பந்தியிலும் ஒன்றாக வேண்டும். பந்தியில் ஒன்றானவர்கள் நீதிக்காகவும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

தோழியரே! நம் விடுதிச் சமையலறையை எண்ணிப் பாருங்கள். மலையிலிருந்து வந்தவளும் மதுரையிலிருந்து வந்தவளும், குடிசையில் பிறந்தவளும் மாடியில் பிறந்தவளும் ஒரே உலைச் சோற்றைத்தான் உண்கிறோம். குழம்பில் உப்புக் குறைந்தால் ஒன்றாகவே முணுமுணுக்கிறோம்! பெரியோர் பாடிப் பாடி வேண்டிய ஒன்று நமக்கு நாள்தோறும் கிடைக்கிறது. விடுமுறைக்கு வீடு சென்றதும் அது நின்றுவிடக் கூடாது. தோழியின் வீட்டில் அமர்ந்து உண்ணவும், அவளை நம் வீட்டுக்கு அழைத்து உண்பிக்கவும் நமக்குத் துணிவு வேண்டும்.

முடிவுரை

“இசையால் சமுதாயத்தை மாற்ற முடியுமா?” என்ற கேள்விக்கு இப்போது என்னால் விடை கூற முடியும். பாட்டு தானாக ஒரு சட்டத்தை எழுதிவிடாது; ஒரு கிணற்றைத் திறந்துவிடாது. ஆனால் வாய் மூடி நின்றவரைப் பேச வைக்கும், பேசியவரை ஒன்றுசேர்க்கும், சேர்ந்தவர் மற்றதைச் செய்வார்கள். பரட்டை அண்ணன் நம்பியது இதுவே. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயினும், அவர் பாடல்கள் பாடுவோர் நாவில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

அன்று வகுப்பில் நான் சொல்லாததை இன்று இம்மலரில் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா காப்பித் தோட்டத் தொழிலாளி. பறையிசைக் கலைஞரும் ஆவார். அடுத்த பார்வை நாளன்று அவர் வரும்போது, என் தோழியர் அனைவருக்கும் அவ்வாறே அறிமுகம் செய்வேன். பறையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். விடுதித் தலைவியான அருட்சகோதரியிடம் அனுமதியும் பெற்றுவிட்டேன். சூடு காட்டக் கொஞ்சம் விறகு மட்டும் சமையலறையிலிருந்து வேண்டும்.

வாருங்கள் தோழியரே, கேட்போம்!